பாட்டு கேட்கிறது... பேச்சு எங்கே?

துப்பறியும் கதை என்றால் உங்களுக்குப் பிடிக்கும்தானே? இது நிஜமாக நடந்த ஒரு துப்பறியும் கதை. இதில் திருடன் கிடையாது, போலீஸ் கிடையாது. ஆனால், ஒன்று காணாமல் போனது. அது ஒரு மனிதரின் குரல்!

சென்ற மார்கழி மாதம். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். எட்டாம் வகுப்பு. அவனுடைய பாட்டிக்கு எண்பது வயது. முழங்கால் வலியால் வாசற்படி இறங்க முடியாது. காதும் கொஞ்சம் மந்தம். டிவியில் வரும் உபன்யாசத்தைக் கேட்பதுதான் அவருக்குத் தினமும் உள்ள ஒரே சந்தோஷம். ஆனால், இப்போதைய டிவிக்கள் அப்பளம் போல மெலிந்துவிட்டன அல்லவா? அதற்குள் இருக்கும் ஸ்பீக்கரும் சின்னதுதான். அதுவும் சுவரைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ பேசும். "ஏதோ சத்தம் வரது, என்ன சொல்றார்னு புரியலையே" என்பார் பாட்டி.

பையன் என்ன செய்தான் தெரியுமா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரியவர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்திருந்த உண்டியலைத் திறந்தான். 1,200 ரூபாய் தேறியது. அப்பாவோடு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறித் திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் போய், ஒரு கடையில் பழைய ஹோம் தியேட்டர் செட் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பெரிய மரப்பெட்டி. கடைக்காரர் பென் டிரைவ் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் பாடியதாம்.

இந்தப் பென் டிரைவ் விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும்.

வீட்டுக்கு வந்து டிவியோடு இணைத்தான். சப்தம் வந்தது. ஆனால், என்ன சப்தம்! கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒலி. உபன்யாசத்தின் நடுவே பாட்டு வந்தால் வயலினும் மிருதங்கமும் ஏதோ தூரத்தில் கேட்கின்றன. பேசுகிறவர் வாயை அசைக்கிறார், குரல் வரவில்லை! சத்தத்தைக் கூட்டினால் 'கரகர'. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வாசலில் நின்றே, "ஐ.சி. போயிடுச்சு, 900 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார். சரியாகலைன்னா பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடுவேன்" என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

"என்னென்ன செய்து பார்த்தாய்?" என்று கேட்டேன்.

"எல்லாம் பண்ணிட்டேன் சார். ரிமோட்ல எல்லா பட்டனும் அழுத்திப் பார்த்தேன். ஒயர் எல்லாத்தையும் பிடுங்கி மாத்தினேன். ஸ்பீக்கரை இடம் மாத்தினேன்."

இங்கேதான் தப்பு! நான் முப்பத்தைந்து வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன். சோதனைக் கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பாடம் இது ஒன்றுதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பத்தை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டுப்போனாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதச் சொன்னேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு காந்தம். அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. கூம்பின் விளிம்பைச் சுற்றி ரப்பரிலோ நுரையிலோ ஒரு வளையம். அவ்வளவுதான். சுருளில் மின்சாரம் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் காந்தம் அதை முன்னே தள்ளும், எதிர்ப்பக்கமாகப் பாய்ந்தால் பின்னே இழுக்கும். கூம்பும் கூடவே ஆடும். ஒரு விநாடியில் நூறு தடவை ஆடினால் கனமான ஒலி, ஆயிரக்கணக்கான தடவை ஆடினால் கீச்சென்ற ஒலி. இந்த அமைப்பை விளக்கி அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925-ல் கட்டுரை எழுதினார்கள். நூறு வருஷம் ஆகியும் உங்கள் வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் அதே மாதிரிதான் இருக்கிறது!

சரி, துப்பறியக் கிளம்புவோம்.

முதல் சோதனை. கடைக்காரர் செய்ததையே செய்தோம். டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு, பையனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைப் பென் டிரைவில் போட்டு, ஹோம் தியேட்டரிலேயே செருகினோம். பாடகர் குரல் கணீரென்று வந்தது! கொஞ்சம் உள்ளீடற்ற மாதிரி இருந்தது உண்மை. ஆனாலும் குரல் வந்துவிட்டது. ஆக, 'ஐ.சி. போயிடுச்சு' என்பது பொய்யாகிவிட்டது. 900 ரூபாய் மிச்சம்.

இரண்டாவது சோதனை. டிவிக்கும் ஹோம் தியேட்டருக்கும் இடையே ஓடிய அதே ஒயரை, டிவிக்குப் பதில் செல்போனில் செருகி, அதே பாட்டைப் போட்டோம். குரல் மறுபடி காணோம்! ஆக, டிவி மேலும் தப்பில்லை. மிச்சம் யார்?

"ஒயர்!" என்று கத்தினான் பையன்.

அந்த ஒயரின் பின்னை விரலால் மெல்லத் திருகச் சொன்னேன். திருகும்போது குரல் வந்தது, விட்டதும் போனது. திருடன் பிடிபட்டான்.

ஆனால், ஒயர் அறுந்தால் சப்தமே நின்றுபோக வேண்டுமே? குரல் மட்டும் எப்படிக் காணாமல் போகும்? இதுதான் வேடிக்கை. உங்கள் வீட்டு இயர்போன் பின்னை உற்றுப் பாருங்கள். அதில் கறுப்பு வளையங்கள் இருக்கும். இரண்டு வளையம் உள்ள பின்னில் மூன்று பாகம். நுனி, இடது பக்க ஒலிக்கு. நடுப்பாகம், வலது பக்க ஒலிக்கு. அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவான திரும்பி வரும் வழி. நம்மூரில் பல வீதிகளிலிருந்து வந்தாலும் எல்லாரும் ஒரே காவிரிப் பாலத்தில்தானே ஆற்றைக் கடக்கிறோம், அது மாதிரி. 2022-ல் அந்தப் பாலத்தைப் பராமரிப்பு வேலைக்காக மூடியபோது வண்டிகள் எல்லாம் சுற்றிச் சுற்றிப் போனது ஞாபகம் இருக்கிறதா? இந்த ஒயரிலும் அந்தப் பொதுவழிதான் உள்ளே அறுந்துபோயிருந்தது. திரும்ப வழியில்லாத மின்சாரம் இடது பக்கம் நுழைந்து வலது பக்கமாக வெளியேறப் பார்க்கும்.

இப்போது ஒரு கதவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவரும் ஒரே பலத்தோடு தள்ளினால் கதவு அசையுமா? அசையாது. ஒருவர் கூடத் தள்ளினால், அந்த வித்தியாசத்துக்குத் தகுந்த அளவு அசையும். பேசுகிறவர் குரலை இடது, வலது இரண்டிலும் சம அளவில்தான் பதிவு செய்வார்கள். அப்போதுதான் அது நடுவிலிருந்து வருவது போல நமக்குக் கேட்கும். அதனால் குரல் குரலோடு மோதி அழிந்துவிட்டது. வயலின் ஒரு பக்கம் தூக்கலாக, மிருதங்கம் இன்னொரு பக்கம் தூக்கலாகப் பதிவாகியிருந்ததால், அந்த வித்தியாசம் மட்டும் தப்பிப் பிழைத்துக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. புது ஒயர் 80 ரூபாய். சனிக்கிழமை காலையில் வாங்கி மாட்டினோம். பேச்சு வந்துவிட்டது! பின் முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றாலும் இதே கோளாறு வரலாம். முதலில் அழுத்திப் பாருங்கள், அதற்குக் காசே வேண்டாம்.

"ஆனா சார், இன்னும் ஏதோ மாதிரி இருக்கு" என்றான் பையன். நல்ல காது! எனக்கும் அப்படித்தான் பட்டது. குரல் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவது போலவும் இருக்கிறது, எங்கிருந்தும் வராதது போலவும் இருக்கிறது. கனமே இல்லை.

ஸ்பீக்கர்களின் பின்னால் எட்டிப் பார்த்தேன். இடது ஸ்பீக்கரின் ஒயர் எட்டவில்லை என்று பையன் தானே ஒட்டு போட்டு நீட்டியிருந்தான். நீட்டிய ஒயரின் இரண்டு இழையும் ஒரே நிறம். எது சிவப்பு முனைக்கு, எது கறுப்பு முனைக்கு என்று எப்படித் தெரியும்? அவன் ஏதோ ஒன்றை எதிலோ செருகியிருக்கிறான்.

"பல்புக்கு ஒயரை மாத்திக் கொடுத்தாலும் எரியுதே சார்?" என்று கேட்டான். எரியும்தான். தனியாக ஒரே ஒரு ஸ்பீக்கர் இருந்தாலும் கவலையில்லை. 1939 மே 16-ஆம் தேதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அதைக் கேட்ட அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர்தான். நான் சின்ன வயதில் கேட்டதும் அப்படிப்பட்ட பெட்டிதான். அதில் ஒயர் எப்படி இருந்தாலும் பாட்டு பாட்டுதான். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் வம்பு. ஒன்று காற்றை முன்னே தள்ளும் அதே நொடியில் மற்றது பின்னே இழுக்கும். ஒன்று போட்ட மேட்டை மற்றது பள்ளம் தோண்டி நிரப்பிவிடும்.

இது ஏன் கனமான ஒலியை மட்டும் அதிகம் விழுங்குகிறது? ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகும். விநாடிக்கு 100 தடவை அதிரும் ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். பாட்டியின் அறையே அவ்வளவுதான்! அறைக்குள் எங்கே உட்கார்ந்தாலும் மேடும் பள்ளமும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. விநாடிக்கு 2,000 தடவை அதிரும் ஒலிக்கு அலை நீளம் 17 சென்டிமீட்டர்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே கணக்கு மாறிவிடும், அழிவதும் வலுப்பதும் கலந்து வரும். அதனால்தான் குரலின் அடிப்பாகம் போய், மேல் ஓடு மட்டும் நின்றது.

எந்த முனை எது என்று கண்டுபிடிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். ஸ்பீக்கர் ஒயரின் இரண்டு முனைகளையும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிறகு அந்த இரண்டு முனைகளையும் 1.5 வோல்ட் பேட்டரியின் இரண்டு பக்கமும் ஒரே ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கூம்பைக் கவனியுங்கள். வெளியே வந்தால், பேட்டரியின் கூட்டல் பக்கம் தொட்ட இழைதான் சிவப்பு முனைக்கு உரியது. உள்ளே போனால் மற்றது. அந்த இழையில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், சுருள் சூடாகிவிடும். பென்சில் பேட்டரி தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

பையன் தொட்டான். வலது கூம்பு வெளியே வந்தது. இடது கூம்பு உள்ளே போனது! மாற்றிச் செருகியதும் பேச்சு நேராக நடுவில் வந்து உட்கார்ந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது 'கரகர'. இதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "பெரிய பெட்டியின் கூம்பு கிழிந்திருக்கும். பழைய செட்டில் அந்த நுரை வளையம் உளுத்துப் பொடியாவது சகஜம்" என்று வாத்தியார் தோரணையில் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தான் பையன். வளையம் முழுசாக இருந்தது. விரலால் மெல்ல அழுத்தினால் உரசல் சத்தமும் இல்லை. அசடு வழிந்தது எனக்கு!

டிவியின் சத்தத்தைப் பார்த்தேன். 100! குரல் கேட்கவில்லையே என்று பையன் முன்பே கடைசி வரை ஏற்றி வைத்திருக்கிறான். நோட்டில் மலைகளைப் போல வளைந்து வளைந்து ஒரு அலை வரையுங்கள். இப்போது எல்லா மலை உச்சிகளையும் ஸ்கேல் வைத்து ஒரே கோட்டில் வெட்டிவிடுங்கள். சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றும்போது மின்சுற்று செய்வது இதைத்தான். அதால் அதற்கு மேல் ஏற முடியாது, உச்சியைத் தட்டையாக்கிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில், முதலில் இல்லாத புது அதிர்வுகள் முளைக்கும். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு வேகமான அதிர்வுகள். பாடியவர் பாடாததெல்லாம் நம் காதில் வந்து விழும்.

இப்படி ஓர் ஒலிக்குள் ஒளிந்திருக்கும் கிளை அதிர்வுகளை ஆராய்ந்த பெரியவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் திருவானைக்காவல் வருகிறதே, அங்கேதான் 1888 நவம்பர் 7-ல் சர் சி.வி. ராமன் பிறந்தார். நோபல் பரிசு வாங்கியது ஒளி ஆராய்ச்சிக்காக 1930-ல். ஆனால், அதற்கு முன்பே வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் என்று ஒலியைத் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார். சாதாரண முரசை அடித்தால் அதன் கிளை அதிர்வுகள் தாறுமாறாக இருக்கும், சுருதி சேராது. மிருதங்கத்தின் வலது பக்கத் தோலில் நடுவே கறுப்பாகப் பூசியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பூச்சின் கனத்தால் கிளை அதிர்வுகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. அதனால்தான் மிருதங்கம் பாட்டோடு சேர்ந்து பாடுகிறது. 1920-ல் 'நேச்சர்' இதழில் ராமனும் அவரோடு வேலை செய்த ஒருவரும் இதை எழுதினார்கள். பெயர் தெரியாத எத்தனையோ கைவினைஞர்கள் காதால் மட்டுமே கண்டுபிடித்த விஷயம் அது!

சரி, டிவியைப் பாதிச் சத்தத்துக்கு இறக்கிவிட்டு, தேவைப்பட்டதை ஹோம் தியேட்டரில் ஏற்றினோம். 'கரகர' முக்கால்வாசி போனது. ஆனால், மிருதங்கத்தின் கனமான அடி விழும்போது மட்டும் 'ஞிர்ர்' என்று ஒன்று. மற்ற நேரத்தில் இல்லை. நான் மறுபடி பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தேன். பையன் நோட்டை மூடி வைத்துவிட்டு, அறையில் உள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். ஜன்னல் கம்பி, காலண்டர், ஷோகேஸ் கண்ணாடி... கடைசியில் ஷோகேஸுக்குள் இருந்த எவர்சில்வர் டம்ளர் அடுக்கின் மேல் கை வைத்தான். 'ஞிர்ர்' நின்றது!

ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு. அதே அதிர்வு வெளியிலிருந்து வந்தால் அதுவும் சேர்ந்து ஆடும். டம்ளர்களுக்கு நடுவே துணி வைத்ததும் கதை முடிந்தது. மொத்தச் செலவு 80 ரூபாய்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இத்தனையிலும் நாங்கள் ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறக்கவே இல்லை. நீங்களும் திறக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கருகல் வாசனை வந்தாலோ, எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் சப்தமே இல்லை என்றாலோ, அது மெக்கானிக் வேலை. அப்போது உங்கள் நோட்டை அவரிடம் காட்டுங்கள். பாதி வேலை மிச்சமாகும். பழைய செட் வாங்கப் போகிறீர்களானால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எல்லா ஸ்பீக்கரிலும் ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேளுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பா நாற்காலியில், நான் ஊஞ்சலில், பாட்டி கட்டிலில். உபன்யாசம் தொடங்கியது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. பத்து நிமிஷம் கழித்து உபன்யாசகர் ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். எங்களுக்கு முன்னாலேயே பாட்டி சிரித்துவிட்டார். பையன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, கொஞ்சம் சத்தத்தைக் குறையேன். காதை அடைக்கிறது" என்றார் பாட்டி.